தள்ளுபடிமேல் தள்ளுபடி: இணையவழிக் கொள்முதலில் கணக்குப் பார்க்கும் முறை

குடும்பத்தின் வருவாயைப் பெருக்கிக்கொள்வது எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் இயல்வதன்று. நெசவாளரின் தறி ஒரு நாளைக்குத் தரக்கூடிய உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. விவசாயியின் வருவாய் மழைக்கும் சந்தை விலைக்கும் கட்டுப்பட்டது. ஆனால் கைக்கு வந்த ரூபாயைக் கணக்குடன் செலவிடுவது ஒவ்வொருவர் வசத்திலும் உள்ள காரியமாகும். வேண்டிய பொருளை நியாயமான விலைக்கு, நல்ல தரத்தில், கடன் வைக்காமல் வாங்குவதே சிக்கனம் என்று கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாள்முதல் போதித்து வருகிறது.

இன்று நம் அங்கத்தினர்களின் குடும்பங்களில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. மிக்ஸி, மின்விசிறி, பிள்ளைகளின் பள்ளிப் பை, வயலுக்கு வேண்டிய பேட்டரி தெளிப்பான் முதலிய பல சாமான்களை இணையவழிக் கடைகளில் வாங்கும் பழக்கம் கிராமங்களிலும் பரவிவிட்டது. அக்கடைகளில் ஒரே பொருளுக்குப் பண்டிகைத் தள்ளுபடி, கூப்பன், வங்கி அட்டைச் சலுகை, கேஷ்பேக் என்று பல சலுகைகள் ஒரே சமயத்தில் அறிவிக்கப்படுகின்றன. இவற்றை முறைப்படி ஒன்றுசேர்த்தால் மெய்யாகவே பணம் மிச்சமாகும். முறை அறியாது சேர்த்தால், மிச்சம் பிடித்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் இருக்கும். மாத முடிவில் கையில் பணம் இராது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எளிய கணக்குகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்கியதற்குத் திரும்பிவரும் பணம்

வாங்கிய தொகைக்கேற்பப் பணம் திரும்பப் பெறுவது கூட்டுறவாளருக்குப் புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடி ஏற்படுத்திய சங்கம், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு சிறு கடையைத் திறந்தது. அச்சங்கத்தை அமைத்தவர்களுள் நெசவாளரும் இருந்தனர். சாமான்களைச் சந்தை விலைக்கே விற்பது, கடன் கொடாமல் ரொக்கத்துக்கே விற்பது, செலவு போக மிஞ்சும் லாபத்தை யார் எவ்வளவு வாங்கினாரோ அதற்கேற்பப் பகிர்ந்தளிப்பது என்பன அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். இக்கொள்முதல் ஈவு என்னும் ஏற்பாடே பிற்காலத்தில் பல நாடுகளின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு வழிகாட்டியாயிற்று. சென்னையில் 1904-ஆம் ஆண்டு தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அங்கத்தினருக்கு நல்ல சாமான்களை நியாய விலையில் கொடுக்கும் நோக்கத்துடன் எழுந்ததேயாம்.

கேஷ்பேக் என்பதும் பார்வைக்கு இதைப்போன்றதே. ஆயினும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. சங்கத்தின் ஈவு, வருஷ முடிவில் கணக்கு முடித்த பின்னர், உண்மையில் மிஞ்சிய லாபத்திலிருந்து, கடைக்கு உடைமையாளரான அங்கத்தினருக்கே கிடைப்பது. கேஷ்பேக்கோ வாடிக்கையாளரை வரவழைக்கவும், மேலும் வாங்கும்படி தூண்டவும் கடைக்காரரும் வங்கியும் செய்யும் விளம்பரச் செலவாகும். அதைப் பெறுவதில் தவறொன்றுமில்லை. ஆனால் அது யாருடைய பையிலிருந்து, எதற்காக வருகிறது என்று தெரிந்துகொண்டு பெற வேண்டும். அது தெரிந்தால், எந்தச் சலுகையோடு எந்தச் சலுகை சேரும் என்பதும் தானே விளங்கும்.

நால்வகைச் சலுகைகள்

முதலாவது, விலைக் குறைப்பு. பொருளின் மேல் அச்சிடப்பட்டுள்ள எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்சச் சில்லறை விலையிலிருந்து இவ்வளவு குறைவு என்று கடை அறிவிப்பது இது. எம்.ஆர்.பி. என்பது சகல வரிகளும் உட்பட, அதற்குமேல் விற்கக்கூடாது என்னும் உச்சவரம்பு. அதுதான் சந்தை விலை என்று எண்ணிவிடலாகாது. பல சாமான்களை எந்த ஊர்க் கடையிலும் எம்.ஆர்.பி.யை விடக் குறைத்தே விற்கிறார்கள். ஆகவே "பாதி விலை" என்னும் அறிவிப்பைக் கண்டவுடன், எந்த விலையில் பாதி என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, கூப்பன். குறிப்பிட்ட எழுத்துகளைத் தட்டச்சுச் செய்தாலோ, ஒரு கட்டத்தைத் தொட்டாலோ கிடைக்கும் கூடுதல் குறைப்பு இது. இதைச் சில வேளைகளில் கடையும், சில வேளைகளில் பொருளை விற்பவரும் ஏற்கின்றனர். இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனை இதில் பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது, வங்கிச் சலுகை. குறிப்பிட்ட வங்கியின் அட்டையால் பணம் செலுத்தினால் உடனே ஒரு பகுதி கழிக்கப்படும், அல்லது பின்னர் கணக்கில் வரவு வைக்கப்படும். கிரெடிட் கார்டால் பணம் செலுத்தும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குச் சேர்கிறது. அட்டைதாரருக்கு வங்கி கொடுக்கும் சலுகைக்கு இவ்வருவாய் ஓர் ஊற்று. தவணை தவறியவர்களிடம் வாங்கும் வட்டி மற்றோர் ஊற்று. சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் கடைக்குச் செலுத்தும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் இத்தகைய கட்டணம் கிடையாது. ஆதலால் யுபிஐ செயலிகள் கொடுக்கும் கேஷ்பேக் பெரும்பாலும் விளம்பரச் செலவே. அதை நிலையான வரவாக எண்ணிக் கணக்கிடக் கூடாது.

நான்காவது, கேஷ்பேக் தளங்கள். இவை தாமாக எதையும் விற்பதில்லை. இவற்றின் வழியாக ஒருவர் கடைக்குள் நுழைந்து பொருள் வாங்கினால், ஆள் அனுப்பியதற்காகக் கடை இவற்றுக்குத் தரகு கொடுக்கிறது. அத்தரகில் ஒரு பகுதியை இவை வாங்கியவருக்குப் பகிர்ந்தளிக்கின்றன.

இந்நான்கையும் நோக்கினால் ஒரு பொது விதி புலப்படும். ஒரே பையிலிருந்து வரும் இரண்டு சலுகைகள் பெரும்பாலும் ஒன்றுசேர்வதில்லை. வெவ்வேறு பைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் சேரும். இரண்டு கூப்பன்களை ஒரே பொருளுக்கு உபயோகிக்கக் கடை இடங்கொடாது. இரண்டு வங்கிகளின் சலுகையை ஒரே பணத்துக்குப் பெற இயலாது. ஆனால் கடையின் விலைக் குறைப்பு, ஒரு கூப்பன், ஒரு வங்கியின் சலுகை, ஒரு தளத்தின் தரகுப் பங்கு ஆகிய நான்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதால், நிபந்தனை தடுக்காத வரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

கூட்டல் கணக்கும் மெய்க் கணக்கும்

உதாரணமாக ஒரு விவசாயி பேட்டரி தெளிப்பான் ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் எம்.ஆர்.பி. ரூ. 5,000. கடையின் பண்டிகைத் தள்ளுபடி நூற்றுக்கு 20. கூப்பன் நூற்றுக்கு 5. வங்கிச் சலுகை நூற்றுக்கு 10, ஆனால் ரூ. 300-க்கு மேற்படாது, கேஷ்பேக் தளத்தின் பங்கு நூற்றுக்கு 4. இவ்வெண்களை மனத்தில் கூட்டினால் நூற்றுக்கு 39 வருகிறது. ரூ. 1,950 மிச்சம், ரூ. 3,050-க்குத் தெளிப்பான் கிடைக்கும் என்று தோன்றும். மெய்க் கணக்கு அவ்வாறில்லை. ஒவ்வொரு சலுகையும் முந்தைய சலுகை போக எஞ்சிய தொகைக்கே கிடைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரூ. 5,000-இல் நூற்றுக்கு 20 கழிந்தால் ரூ. 4,000.

அந்த ரூ. 4,000-இல் கூப்பனுக்காக நூற்றுக்கு 5, அதாவது ரூ. 200 கழிந்தால் ரூ. 3,800.

அந்த ரூ. 3,800-இல் நூற்றுக்கு 10 என்றால் ரூ. 380 கழிய வேண்டும். ஆனால் உச்சவரம்பு ரூ. 300 ஆதலால் அவ்வளவே கழிந்து, ரூ. 3,500 ஆகும்.

தளத்தின் நூற்றுக்கு 4 என்பது பெரும்பாலும் வரி நீங்கலான விலைக்கே கணக்கிடப்படுகிறது. வரி நூற்றுக்கு 18 என்று கொண்டால், ரூ. 3,500-இல் வரி நீங்கலான விலை சுமார் ரூ. 2,966. அதில் நூற்றுக்கு 4 என்பது சுமார் ரூ. 118.

அனுப்பும் செலவு ரூ. 80 என்றால், அன்று கையிலிருந்து போவது ரூ. 3,580. சில வாரங்கள் கழித்து ரூ. 118 திரும்பி வந்தால் நிகர விலை ரூ. 3,462. மனக்கணக்குக்கும் மெய்க்கணக்குக்கும் உள்ள வேற்றுமை ரூ. 412 ஆகிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. அதே தெளிப்பானை அருகிலுள்ள ஊர்க் கடையில் ரூ. 3,700-க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை சலுகைகளையும் தேடிச் சேர்த்ததால் அங்கத்தினருக்குக் கிடைத்த உண்மையான லாபம் ரூ. 238 மட்டுமே. ரூ. 1,538 மிச்சம் என்று திரையில் தோன்றுவது, யாரும் கொடுக்காத எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுச் சொல்வது. ரூ. 238-உம் நல்ல லாபமே. ஆனால் பழுது ஏற்பட்டால் உடனே சென்று காட்டக்கூடிய கடை, கையால் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதி ஆகியவற்றுக்கு அது ஈடாகுமா என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும். தாம் வேறு இடத்தில் கொடுத்திருக்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே மிச்சத்தை அளக்கும் சரியான அளவுகோல்.

எல்லாச் சலுகைகளும் நூற்று வீதமாக இருந்தால், எதை முதலில் கழித்தாலும் விடை ஒன்றே. ஆனால் ஒன்று நூற்று வீதமாகவும் மற்றொன்று குறித்த ரூபாயாகவும் இருந்தால் வரிசை முக்கியம். ரூ. 1,000-க்கு முதலில் நூற்றுக்கு 10 கழித்து, பின்பு ரூ. 100 கழித்தால் ரூ. 800. முதலில் ரூ. 100 கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 10 கழித்தால் ரூ. 810. எந்த வரிசையில் கழிப்பது என்பதைக் கடையே பெரும்பாலும் நிர்ணயிக்கும். ஆகையால் அறிவிப்பை நம்பாமல், பணம் செலுத்தும் இறுதிப் பக்கத்தில் வரும் தொகையை மட்டுமே நம்புதல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

இச்சலுகைகளைச் சேர்க்க விரும்புவோர் கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றினால் நஷ்டம் நேராது.

1. தேவையான பொருளின் பெயரையும், உள்ளூர் விலையையும், தாம் கொடுக்கத் தயாரான உச்ச விலையையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவசரமில்லாத பொருளானால் சில வாரங்கள் விலையைக் குறித்துவரலாம். பண்டிகைக்கு முன்னர் விலையை ஏற்றிப் பின்பு தள்ளுபடி கொடுத்திருந்தால் அந்தக் குறிப்பிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

2. அதே பொருளை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட வேண்டும். மாதிரி எண், கொள்ளளவு, உத்தரவாதக் காலம் ஆகியவை ஒன்றாயிருத்தல் அவசியம்.

3. கூப்பன்களையும் வங்கிச் சலுகைகளையும் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டு, கேஷ்பேக் தளத்தின் வழியாகக் கடைக்குள் நுழைவதைக் கடைசிக் காரியமாகச் செய்ய வேண்டும். வாங்குபவரைக் கடைசியாக அனுப்பிய தளத்துக்கே பொதுவாகத் தரகு சேரும். இடையில் கூப்பன் தேடி வேறொரு தளத்தின் வழியே மீண்டும் நுழைந்தால், முந்தைய தளத்தில் பதிவு விட்டுப்போகக்கூடும்.

4. உச்சவரம்பு, குறைந்தபட்சக் கொள்முதல், கடைசித் தேதி ஆகிய மூன்றையும் படிக்க வேண்டும். ரூ. 1,500-க்கு மேல் வாங்கினால் ரூ. 100 குறையும் என்பதற்காக, ரூ. 1,200 பொருள் தேவைப்படுபவர் வேண்டாத ரூ. 300 சாமானைச் சேர்த்தால், ரூ. 100 மிச்சம் பிடிக்க ரூ. 300 செலவிட்டவராகிறார்.

5. திரும்ப வரும் பணம் எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு வரும் ரூ. 100 என்பது ரூ. 100 தான். அதே கடையில் மட்டும் செல்லும் இருப்பாகவோ, புள்ளிகளாகவோ வருமானால் அதன் மதிப்பு குறைவு. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று எண்ணிவிடக் கூடாது; சில அட்டைகளில் ஒரு புள்ளி 25 காசுக்கே சமம். காலாவதித் தேதியும் உண்டு.

6. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றால் பொருளுக்குப் பணம் செலுத்துவது சிலர் கையாளும் முறை. இதனாலும் மிச்சமுண்டு. ஆனால் அவ்வாறு செலுத்திய தொகைக்கு வங்கிச் சலுகையோ, தளத்தின் பங்கோ கிடையாமற் போகலாம். பணமும் முன்னதாகவே முடங்குகிறது. ஆதலால் உடனே வாங்கவிருக்கும் பொருளின் விலைக்கு மேல் பரிசு அட்டை வாங்கி வைத்தல் வேண்டா.

7. கேஷ்பேக் உடனே வருவதில்லை. பொருளைத் திருப்பியனுப்பும் கெடு முடிந்து, கடை தரகு கொடுத்த பின்னரே தளம் அதைக் கொடுக்கும். பொருளைத் திருப்பினால் அது ரத்தாகும். ஆகவே தேதி, பில் எண், வரவேண்டிய தொகை மூன்றையும் நோட்டில் எழுதி, வந்ததும் அடித்துவிட வேண்டும். எழுதி வைக்காத பாக்கி வசூலாவதில்லை என்பது சங்கக் கணக்கு எழுதுவோர் யாவரும் அறிந்ததே.

வட்டி விழுங்கும் லாபம்

மேற்கண்ட உதாரணத்தில் ரூ. 3,580-ஐ விவசாயி கிரெடிட் கார்டால் செலுத்தினார் என்போம். கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கட்டத் தவறினால் பல அட்டைகளில் மாதத்துக்கு நூற்றுக்கு 3-க்கும் மேல் வட்டி ஏறுகிறது. நூற்றுக்கு மூன்றரை என்று கொண்டால் ஒரு மாத வட்டி சுமார் ரூ. 125. அவ்வட்டிக்கு நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. சுமார் ரூ. 23. ஆக மாதம் ஒன்றுக்கு சுமார் ரூ. 148. இரண்டே மாதங்களில் ரூ. 296 போய்விடும், பாடுபட்டுச் சேர்த்த ரூ. 238 லாபம் அதில் கரைந்து, மேலும் கைப்பொருள் செலவாகும். தாமதக் கட்டணம் இதில் சேர்க்கப்படவில்லை.

"வட்டியில்லா மாதத் தவணை" என்னும் அறிவிப்பையும் இவ்வாறே ஆராய வேண்டும். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று இருக்க முடியாது. வட்டி வேறோர் இடத்தில் மறைந்திருக்கும் என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எடுத்துக்காட்டியிருக்கிறது. இன்று வழக்கத்திலுள்ள ஏற்பாட்டில், வங்கி வாங்கும் வட்டிக்குச் சமமான தொகையைக் கடை விலையில் குறைத்துக் கொடுக்கிறது. ஆனால் அவ்வட்டியின் மீதுள்ள ஜி.எஸ்.டி.யை வாங்குபவரே கொடுக்க வேண்டும். பல வங்கிகள் தனியாக ஒரு கட்டணமும் வாங்குகின்றன. வட்டி ரூ. 200 என்றால் அதன் வரி ரூ. 36, கட்டணம் ரூ. 199 என்றால் வரியுடன் சுமார் ரூ. 235. இலவசம் எனப்பட்ட தவணைக்குச் சுமார் ரூ. 271 ஆகிறது. ராச்டேல் முன்னோடிகள் ரொக்க விற்பனையை விதியாக வைத்ததன் கருத்து இப்போதும் பழமையாகிவிடவில்லை. கடனால் வாங்குபவருக்குத் தள்ளுபடி நிலைப்பதில்லை.

எச்சரிக்கைகள்

"இன்னும் ஐந்தே நிமிடம்", "இரண்டே பொருள் மீதி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாத பொருளையோ காப்பீட்டையோ கூடையில் சேர்ப்பது, முதலில் குறைந்த விலை காட்டி முடிவில் கட்டணங்களைக் கூட்டுவது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதலில் வகைப்படுத்தித் தடை செய்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் பெற்ற 48 மணி நேரத்துக்குள் கடை அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மோசடிக்காரர்களும் கேஷ்பேக் என்னும் பெயரை உபயோகிக்கின்றனர். "உங்களுக்கு ரூ. 2,000 கேஷ்பேக் வந்துள்ளது, பெற்றுக்கொள்ள ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால் அது மோசடியே. யுபிஐ மூலம் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் அது தேவை. ஓடிபி எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. பணம் பறிபோனால் சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விதை, பூச்சிமருந்து ஆகியவற்றில் விலைக் குறைவை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்தே. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் கண்ட முறையான பில் இல்லாவிடில் ஒரு போகமே பாழாகக்கூடும்.

தள்ளுபடியை யார் சுமப்பது?

நம் அங்கத்தினர்கள் வாங்குபவர் மட்டுமல்லர், விற்பவரும் ஆவர். ஆகவே இதே அடுக்குக் கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பார்த்தல் கடமையாகும். ஒரு நெசவாளர் சங்கம் இணையவழியில் ஒரு சேலைக்கு ரூ. 2,000 விலை வைக்கிறது என்போம். பண்டிகைக்காக நூற்றுக்கு 20 குறைத்தால் ரூ. 1,600. தளத்தின் கமிஷன் நூற்றுக்கு 10 என்றால் ரூ. 160 போய் ரூ. 1,440. அனுப்பும் செலவு ரூ. 90 போனால் ரூ. 1,350. நூலும் சாயமும் கூலியும் சேர்ந்து அச்சேலைக்கு ரூ. 1,400 ஆகியிருந்தால், விற்ற ஒவ்வொரு சேலைக்கும் ரூ. 50 நஷ்டம். திரும்பி வரும் சேலைகளின் செலவு வேறு. விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். அது கடைசியில் நெசவாளரின் கூலியில் வந்து நிற்கும். ஆகையால் இணையவழியில் விற்க முன்வரும் சங்கங்கள், தள்ளுபடியை ஒப்புக்கொள்ளும் முன்னர் இக்கணக்கை நிர்வாகக் குழுவில் வைத்துத் தீர்மானிப்பது நலம்.

கைத்தறித் துணிக்கு அரசு கொடுக்கும் தள்ளுபடி மானியத்தின் தத்துவம் இதற்கு நேர்மாறானது. 1953-ஆம் ஆண்டில் ஆலைத் துணியின் மீது கூடுதல் தீர்வை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் கிடைத்த நிதி கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடப்பட்டது. நெசவாளரின் கூலியைக் குறைக்காமல் வாங்குபவருக்கு விலையைக் குறைப்பதே தள்ளுபடி மானியத்தின் நோக்கம். 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பண்டிகைக் காலங்களில் நூற்றுக்கு 30 வரை தள்ளுபடி கொடுத்து வந்துள்ளது. வாடிக்கையாளர் சில மாதங்கள் தவணை கட்ட, இறுதித் தவணையை நிறுவனமே ஏற்று, சேர்ந்த தொகைக்குத் தள்ளுபடி விலையில் துணி கொடுக்கும் சேமிப்புத் திட்டங்களையும் அது நடத்தியிருக்கிறது. முன்கூட்டிச் சேமித்ததற்கு ஒரு லாபம், வாங்கும்போது தள்ளுபடியாக மற்றொரு லாபம் என்று இரண்டும் கடனின்றி ஒன்றுசேர்வதை இங்குக் காணலாம்.

துணி வாங்குகையில், நம்பவியலாத அளவு விலை குறைந்த "கைத்தறி"யைக் கண்டால் ஐயுறுதல் வேண்டும். 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையோ, 2015 ஆகஸ்டு 7-ஆம் தேதி சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறி முத்திரையோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று நம்பி வாங்கினால், வாங்குபவருக்குப் பணம் நஷ்டம். நெய்பவருக்கு வேலை நஷ்டம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனி மனிதர் நான்கு சலுகைகளைத் தேடி அடுக்குவதைவிட, நாற்பது பேர் ஒன்றாக வாங்குவது பல சமயங்களில் எளிது. ஒரு பருவத்துக்கு எத்தனை தெளிப்பான், எத்தனை மூட்டை உரம், எவ்வளவு நூல் தேவை என்று அங்கத்தினரிடம் முன்னதாகப் பட்டியல் வாங்கி, உற்பத்தியாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ சங்கம் நேரே விலை பேசினால், உச்சவரம்போ, காலக்கெடுவோ, புள்ளிக் கணக்கோ இல்லாத தள்ளுபடி கிடைக்கும். இணையவழி விலையை அப்பேச்சில் ஓர் ஆதாரமாகக் காட்டலாம். சங்க அலுவலகத்தில் ஒரு பலகை வைத்து, அடிக்கடி வாங்கப்படும் பத்துச் சாமான்களின் உள்ளூர் விலை, மொத்த விலை, சலுகை போக இணையவழி விலை மூன்றையும் மாதந்தோறும் எழுதிவைத்தால், கைப்பேசி பழகாத முதியவர்களுக்கும் பேருதவியாகும்.

சலுகைகளை ஒன்றுசேர்ப்பது கற்றுக்கொள்ளத்தக்க கலையே. தேவையை முதலில் எழுதுக, எஞ்சிய தொகைக்கே அடுத்த சலுகை என்பதை மறவாதிருக்க, உள்ளூர் விலையோடு ஒப்பிடுக, கடனால் வாங்காதிருக்க, திரும்ப வேண்டிய பணத்தைக் குறித்து வைத்து வசூலித்திடுக. இவ்வாறு மிஞ்சும் ரூ. 238 ஆயினும் அதை அன்றே சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் செலுத்தி வரவு வைத்தால், அது மெய்யான மிச்சமாக நிற்கும். செலுத்தாமல் விட்டால் அடுத்த தள்ளுபடி அறிவிப்பு அதைக் கொண்டுபோய்விடும்.